காட்டுக்குக் கோடு போட்டால் மிருகம் நிற்குமா? அம்பாறை, மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வருடத்தில் ஒரு தடவையாவது பிள்ளைகளை லகுகலக் குளக்கட்டுக்கோ உகந்தைப் பக்கமோ கூட்டிக்கொண்டு போவேன். பஸ்ஸில் பிள்ளைகள் கேட்பதும், வயல்காரர்கள் கேட்பதும், கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் உகந்தை முருகன் கோயிலடியில் பக்கத்தில் குந்தியிருப்பவர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். இந்தக் காடுகளைத் தேசிய பூங்கா என்று அறிவித்து இத்தனை வருடமாகிவிட்டதே, உள்ளே இருக்கிற மிருகம் காப்பாற்றப்படுகிறதா இல்லையா? கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலைப் போட்டிருக்கிறேன்.

1. பாதுகாக்கப்பட்ட பிரதேசம் எண்டா என்ன? எல்லாக் காடும் ஒண்டுதானே?

இல்லை. 1937இல் வந்த தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வனஜீவராசிகள் திணைக்களம் பார்க்கிற காடுகள் ஒரு பக்கம், வனத் திணைக்களம் பார்க்கிற ஒதுக்கக் காடுகள் இன்னொரு பக்கம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் கையில் இருப்பவற்றிலும் தரம் உண்டு. தேசிய பூங்காவுக்குள் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்க்கலாம், குடியிருக்க முடியாது. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கும், வீடும் இருக்கும், வயலும் இருக்கும். ஆகவே "சரணாலயத்துக்குள்ள காடு வெட்டுறாங்க" என்று கேள்விப்பட்டால் அது சட்டப்படி யாருடைய காணி என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் தேசிய பூங்காக்கள் நான்கு. கல்லோயா 1954இல் வந்தது, 25,900 ஹெக்டேயர். குமண 1970இல், 35,664 ஹெக்டேயர். முன்பு யால கிழக்கு என்று பெயர், 2006இல்தான் குமண ஆனது. லகுகல-கித்துலான 1980இல், வெறும் 1,554 ஹெக்டேயர். மாதுறு ஓயா 1983இல், 58,850 ஹெக்டேயர். அது மட்டக்களப்பு, அம்பாறை, பதுளை, பொலன்னறுவை நான்கையும் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. இந்த நான்கு அளவையும் மனதில் வைத்திருங்கள், பிறகு வரும்.

2. முலையூட்டி எண்டா யானை, புலி, மான் தானே டீச்சர்?

பிள்ளைகள் பலகையில் எழுதும்போது எட்டுப் பெயரோடு நின்றுவிடும். யானை, சிறுத்தை (ஊரில் புலி என்றால் இதுதான்), கரடி, மரை, புள்ளிமான், பன்றி, குரங்கு, நரி. ஆனால் இலங்கையில் வௌவால் மட்டுமே முப்பது வகை வரை இருக்கிறது. அதோடு எலிகள், மூஞ்சூறுகள், கீரி, மரநாய், முள்ளம்பன்றி, அழுங்கு, தேவாங்கு, சருகுமான், நீர்நாய், மீன்பிடிப் பூனை, பூனைக்குட்டியை விடக் கொஞ்சம் பெரிய துருப்புள்ளிப் பூனை. உயிர்ப்பல்வகைமை என்று நாங்கள் பேசுவதில் பெரும்பகுதி இரவில் நடமாடுகிற, கைக்குள் அடங்குகிற இந்தச் சீவன்கள்தான்.

பாலைப்பழக் காலத்தில் உகந்தையிலிருந்து குமணப் பக்கம் போகும் பாதையில் ஒரு தடவை பிள்ளைகளை நிற்க வைத்துக் கரடி எச்சத்தைக் காட்டினேன். தடியால் கிளறினால் முழுக்கப் பாலை விதை, கறுப்பாக, மினுமினுப்பாக, ஒன்றும் உடையாமல். இடையில் கறையானின் தலைகள். கரடியை அன்று யாரும் காணவில்லை. ஆனால் கரடி என்ன தின்றது, எந்த மரத்தை அடுத்த இடத்தில் விதைக்கப் போகிறது என்று பிள்ளைகள் அந்த ஒரு பிடியில் படித்துக்கொண்டார்கள்.

3. யானை நிக்குது எண்டா அந்தக் காடு நல்லாத்தானே இருக்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் பேர் பிழையாக விளங்கிக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

யானை அறுபது வருடம் வரை வாழும், கர்ப்பமே கிட்டத்தட்ட 22 மாதம். ஒரு காட்டில் குட்டி பிழைக்காமல் போகத் தொடங்கினாலும், பெரிய யானைகள் இன்னும் இருபது முப்பது வருடம் அங்கேயே நடமாடிக்கொண்டிருக்கும். பார்க்கிறவனுக்கு எல்லாம் பழையபடி இருப்பதாகத்தான் தெரியும். காடு சுருங்கிய நாளில் மிருகம் அழிவதில்லை, அந்தக் கடனைப் பிள்ளைகளின் காலத்தில்தான் கட்ட வேண்டியிருக்கும். அதனால் யானை நிற்கிறதா என்று கேட்பதை விடக் குட்டிகள் நிற்கின்றனவா, எத்தனை, போன வருடத்துக் குட்டி இந்த வருடமும் கூட்டத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று, யானை அடர்ந்த காட்டை மட்டும் நம்பி வாழும் மிருகம் இல்லை. கைவிட்ட சேனை (காடு வெட்டிப் பயிர் செய்த நிலம்), குளத்தோரப் புல், இளங்காடு எல்லாம் அதற்குப் பிடிக்கும். லகுகலக் குளத்தில் யானைகள் கூட்டமாக நிற்பது சிங்களத்தில் பெரு என்று சொல்லும் உயரமான புல்லுக்காக. யானைக்கு அங்கே நல்ல சாப்பாடு கிடைக்கிறது என்பதால் தேவாங்குக்கும் அங்கே நல்ல காலம் என்று சொல்லிவிட முடியாது.

4. சட்டம் இருக்கு, காவல் இருக்கு. மறுகா எப்படி பூங்காவுக்குள்ளயே மிருகம் குறையும்?

குறையும். குறைந்திருக்கிறது. வில்லியம் நியூமார்க் என்ற ஆய்வாளர் 1987இல் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள 14 தேசிய பூங்காக்களின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார். நல்ல பணம், நல்ல காவல் உள்ள பூங்காக்கள். அங்கேயே பூங்கா தொடங்கிய காலத்தில் இருந்த சில முலையூட்டிகள் பிறகு இல்லை, பூங்கா எவ்வளவு சிறியதோ இழப்பு அவ்வளவு அதிகம். ஆப்பிரிக்காவில் 78 பாதுகாக்கப்பட்ட பிரதேசங்களைப் பார்த்து 2010இல் வெளிவந்த ஆய்வில், பெரிய முலையூட்டிகளின் எண்ணிக்கை 1970க்கும் 2005க்கும் இடையில் சராசரியாக 59 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் எல்லா இடமும் ஒரு மாதிரி இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் மிக மோசம், தெற்கில் கூடியிருந்தது.

நம்பிக்கையான பக்கமும் இருக்கிறது. வெப்பமண்டலக் காடுகள் பதினைந்தில் தானியங்கிக் கமரா வைத்து, தரையில் நடமாடும் முலையூட்டிகளையும் பறவைகளையும் பல வருடம் பார்த்து 2016இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். கூடியவையும் உண்டு, குறைந்தவையும் உண்டு, மொத்தமாகப் பார்த்தால் சரிவு இல்லை. அதனால் "பூங்காவால ஒரு பிரயோசனமும் இல்ல" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

5. சின்னக் காடு எண்டா என்ன குறை? நல்லாப் பாத்தாப் போதாதா?

தாய்லாந்தில் 1980களின் பிற்பகுதியில் ஒரு பெரிய அணை கட்டினார்கள், சியூ லான் நீர்த்தேக்கம். தண்ணீர் ஏற ஏற, மலை உச்சிகள் எல்லாம் காடு மூடிய தீவுகளாக மிஞ்சின. யாரும் வேட்டையாடி முடிக்கவில்லை. அப்படியிருந்தும் அந்தத் தீவுகளில் இருந்த சிறு முலையூட்டிகள் 25 வருடத்துக்குள் கிட்டத்தட்ட முழுக்க அற்றுப்போய்விட்டன. வெளியிலிருந்து வந்த ஒரு எலி வகை இடத்தைப் பிடித்துக்கொண்டது. இது 2013இல் வெளிவந்த ஆய்வு. இதை வாசித்தபோது எனக்கு உடனே இங்கினியாகலதான் ஞாபகம் வந்தது. அங்கே கல்லோயாப் பூங்காவுக்குள் கிடக்கிற பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்திலும் அதே மாதிரித் தீவுகள். அங்கே யானை தீவுக்குத் தீவு நீந்திப் போகும், படகில் போனவர்கள் தும்பிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். சருகுமானுக்கும் மூஞ்சூறுக்கும் அந்த வசதி இல்லை.

வயல் நடுவில் மிஞ்சிய காடும் ஒரு தீவுதான், சுற்றித் தண்ணீருக்குப் பதில் நெல். பத்துப் பதினைந்து மிருகம் மட்டும் மிஞ்சினால் ஒரு வரட்சி, ஒரு நோய், ஒரு வருடம் ஆண் குட்டிகளாகவே பிறப்பது, எது வந்தாலும் கதை முடிந்துவிடும். பெரிய காட்டில் அதே வரட்சி வந்தாலும் எங்கோ ஒரு மூலையில் தண்ணீர் இருக்கும்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். இலங்கையில் ஒரு யானை வருடத்தில் நடமாடும் பரப்பு பெரும்பாலும் 50இலிருந்து 150 சதுர கிலோமீற்றர். லகுகலப் பூங்கா மொத்தமே பதினைந்தரைச் சதுர கிலோமீற்றர். ஒரு யானைக்கே காணாது.

6. அப்ப லகுகலய விட்டுத் தள்ளலாமா?

ஐயோ, அப்படி விளங்கிக்கொள்ள வேண்டாம். லகுகல யானைகளின் வீடு இல்லை, தங்குமடம். கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் எங்கே தண்ணீர், எங்கே நிழல் என்று பார்த்துத் தங்கித் தங்கிப் போகிறார்கள் இல்லையா, அது மாதிரி. வரட்சிக் காலத்தில் மற்ற இடம் காயும்போது இங்கே வரும், மழை தொடங்கினால் கலைந்து போகும். மேற்கே கல்லோயாப் பக்கத்துக் காடு, தெற்கே குமண, யால. இடையில் உள்ள மடத்தை இடித்தால் யாத்திரையே நின்றுவிடும்.

அதனால் லகுகலக்குள் என்ன நடக்கிறது என்பதைப் போலவே, அதற்கு வெளியே பொத்துவில்-மொனராகல வீதியின் இரண்டு பக்கமும் என்ன நடக்கிறது என்பதும் முக்கியம். அந்த ஏ4 வீதி காட்டை ஊடறுத்துத்தான் போகிறது. ஒவ்வொரு கடையாக, ஒவ்வொரு மதிலாக அந்த வழி ஒடுங்குவதை இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன், எனக்கு அதில் உண்மையான கவலை இருக்கிறது.

7. குமணயில மட்டும் புலி, கரடி எல்லாம் இன்னும் நிக்குதே, அது எப்படி?

கும்புக்கன் ஆறுதான் பதில். பாதயாத்திரை போனவர்களுக்குத் தெரியும், ஆற்றில் இறங்கி மறுகரையில் ஏறினால் அது யால. மனிதனுக்குத்தான் அங்கே இரண்டு பெயர். மிருகத்துக்கு அது ஒரே காடு. குமணயின் 35,664 ஹெக்டேயரோடு யாலயின் கிட்டத்தட்ட 97,900 ஹெக்டேயரும் சேர்கிறது. ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கத்திலிருந்து வந்து நிரம்பும்.

இலங்கைச் சிறுத்தையை சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) சிவப்புப் பட்டியல் 2020இல் ஒரு படி குறைந்த ஆபத்து நிலைக்கு மாற்றியது. ஆபத்து தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் இந்த மாதிரிப் பெரிய, ஒட்டிக்கிடக்கிற காடுகள் மிஞ்சியிருப்பது அதற்குப் பெரிய பலம்.

8. சண்டைக் காலம் காட்டுக்கு நல்லதாப் போச்சு எண்டு சொல்றாங்களே?

பாதி உண்மை. குமண 1985இலிருந்து 2003 வரை மூடிக்கிடந்தது, ஜீப் போகவில்லை, பல இடங்களில் கைவிட்ட சேனைகள் மீண்டும் காடாகின. மறுபாதி, காவலும் இல்லை, துவக்கு நிறைய இருந்தது, மிதிவெடியில் கால் போன யானைகளும் உண்டு. அதை விட, எண்ணியவர் யாரும் இல்லை. முன்பு எத்தனை என்ற கணக்கு இல்லாமல் பிறகு கூடியது என்று எப்படிச் சொல்வது?

9. யானையப் பிடிச்சு பூங்காவுக்குள்ள கொண்டு விட்டா பிரச்சினை முடியுந்தானே?

முடியவில்லை என்று இலங்கையிலேயே செய்த ஆய்வு காட்டுகிறது. ஊருக்குள் வந்த ஆண் யானைகள் பன்னிரண்டைப் பிடித்து, கழுத்தில் ஜிபிஎஸ் பட்டி மாட்டிப் பூங்காக்களில் விட்டுப் பின்தொடர்ந்தார்கள், 2012இல் முடிவு வந்தது. சில நேராகப் பழைய ஊருக்கே திரும்பின. சில அலைந்து திரிந்தன. சில விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே நின்று அங்கே புதுப் பிரச்சினை தொடங்கின. மொத்தத்தில் மனிதனோடு மோதலும் கூடியது, யானைச் சாவும் கூடியது.

ஒரு காரணம் 5ஆம் கேள்வியில் சொன்னதுதான், ஒரு யானைக்கே நிறைய இடம் வேண்டும். பூங்கா வெற்றிடம் இல்லை, அங்கே தின்ன உள்ள அளவுக்கு ஏற்கெனவே யானைகள் நிற்கின்றன.

10. அப்ப எங்கட வயலுக்கு என்ன செய்ய? வேலி போடவும் கூடாதா?

வேலி வேண்டும். எங்கே போடுவது என்பதில்தான் பிழை. மின்சார வேலியை நெடுங்காலமாகப் பூங்காவின் எல்லையில் போட்டு வந்தார்கள். அந்த எல்லை கடதாசியில் உள்ள எல்லை. அந்தப் பக்கம் வனஜீவராசிகள் திணைக்களத்தின் காடு, இந்தப் பக்கம் வனத் திணைக்களத்தின் காடு, இரண்டிலும் யானை. வேலியை எங்கே போட்டாலும் ஊர்ப் பக்கம் யானை மிஞ்சிவிடும். 2021இல் வந்த ஆய்வின்படி இலங்கையின் நிலத்தில் கிட்டத்தட்ட 60 சதவீதத்தில் யானை நடமாடுகிறது, அதில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள்.

வேலி ஊரைச் சுற்றி வர வேண்டும். வயலுக்கு, விதைத்த நாளிலிருந்து வெட்டும் வரை, வட்டையைச் சுற்றி ஒரு தற்காலிக மின்வேலி. அறுவடை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும், ஒட்டுத்தாளை யானை வந்து மேயட்டும். வேலியைப் பார்ப்பது விவசாயிகளே. வேலியடியில் வளரும் புல்லை வெட்டாவிட்டால் மின்சாரம் நிலத்துக்கு இறங்கிவிடும், இதை யாருடைய வயலோ அவர்தான் ஒழுங்காகச் செய்வார்.

2019இல் மட்டும் நாட்டில் நானூறுக்கு மேல் யானையும் நூற்றிருபதுக்கு மேல் மனிதரும் செத்தார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இரவில் பரணில் படுத்திருக்கிற மனிதனிடம் போய் "யானையும் பாவந்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வராது. இரண்டு பேருடைய சாவையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

11. குப்பைமேட்டுல யானை நல்லாத் திண்டு கொழுக்குதே, அது பிரச்சினையா?

அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டைத்தான் கேட்கிறார்கள். பிளாஸ்டிக்கும் பொலித்தீனும் தின்று அங்கே எட்டு வருடத்தில் இருபது யானைகள் வரை செத்ததாக 2022இல் செய்தி வந்தது. சாப்பாட்டு மணம் ஒட்டின பொலித்தீனை யானை பிரித்துப் போட்டுத் தின்பதில்லை, அப்படியே விழுங்கும், குடல் அடைத்துவிடும். பிளந்து பார்த்தால் வயிற்றில் பொலித்தீன், சாப்பாடு சுற்றின தாள், தண்ணீர். வேறு ஒன்றும் இருப்பதில்லை. பூங்காவுக்குள் யாரும் சுடாமல் காப்பாற்றிய யானை பூங்காவுக்கு வெளியே எங்கள் சாப்பாட்டுப் பையால் சாகிறது.

12. குரங்கு, பன்றி எல்லாம் பெருகிப்போச்சு. நீங்க குறையுது எண்டுறீங்க!

தேங்காய் இழந்தவர்களின் கோபம் நியாயம்தான். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம், நாடு முழுக்கத் தோட்டங்களில் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எண்ணினோமே, ஞாபகம் இருக்கும். ஆனால் எண்ணிக்கை வேறு, வகை வேறு. மனிதனோடு ஒட்டி வாழத் தெரிந்த நாலைந்து வகை கூடும்போது, காடு மட்டுமே தெரிந்த வகைகள் சத்தமில்லாமல் குறையும். நூறு குரங்கு நின்றாலும் அது ஒரு வகைதான்.

13. ஆக்கள் இருந்தா மிருகம் வாழாதா? வேடர் காட்டுக்குள்ளதானே இருந்தவங்க?

மாதுறு ஓயாவைப் பூங்கா ஆக்கியபோது தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வேட்டையாடித் தேனெடுத்து வாழ்ந்த வேடர் குடும்பங்களை வெளியே குடியேற்றினார்கள். சிலர் போக மறுத்துத் தம்பானைப் பக்கமே இருந்தார்கள். அந்தக் காட்டை மிருகம் நிறைந்த காடாக எங்கள் கையில் தந்தவர்கள் அவர்கள். அவர்களை வெளியே போட்டுவிட்டு, அதே காலத்தில் பக்கத்தில் பல்லாயிரம் ஏக்கரை மகாவலித் திட்டத்துக்கு வெட்டினோம். மிருகம் குறைந்ததற்கு எது காரணம் என்று நீங்களே யோசியுங்கள். அதே நேரம் இன்றைக்கு துவக்கோடும் ஹக்கப்பட்டாசோடும் (தீனிக்குள் மறைத்து வைக்கிற வெடி) இறைச்சி வியாபாரத்துக்குப் போகிறவரையும் வேடரையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது.

14. காட்டோரத்தில நாய், மாடு திரியுறதால என்ன வந்திச்சு?

தான்சானியாவின் செரெங்கெட்டி பெரிய பூங்கா, எங்கள் நான்கையும் சேர்த்தாலும் அதற்குக் கிட்டவும் வராது. 1994இல் வளர்ப்பு நாய்களிடமிருந்து பரவிய ஒரு வைரஸ் நோயால் அங்கே சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட ஆயிரம், செத்துப்போயின. பூங்காவின் ஓரம் எப்போதும் இப்படித்தான், உள்ளிருந்து வெளியே வருகிற மிருகம் அங்கே சாகும், நடுக்காட்டிலிருந்து இன்னொன்று அந்த இடத்துக்கு வரும், அதுவும் சாகும். சிறிய பூங்கா முழுக்க ஓரமாகவே இருப்பதால் அதற்கு அடி பலமாக விழுகிறது.

மாட்டுப்பட்டி விஷயம் வேறு. கன்றைப் புலி பிடித்தால் மிச்ச இறைச்சியில் நஞ்சு வைக்கிறார்கள், அந்த நஞ்சு நரி, மரநாய், கீரி, கழுகு எல்லாவற்றையும் கொல்லும். கன்றுகளை இரவில் உறுதியான பட்டியில் அடைத்தால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினையே வராது.

15. கூடுது குறையுது எண்டு எப்படித் தெரியும்? ஆர் எண்ணுறது?

யானையை 2011 ஆகஸ்டில் நாடு முழுக்க நீர்நிலைகளில் பரண் கட்டி எண்ணினார்கள், 5,879 என்று வந்தது. சிறுத்தைக்குத் தானியங்கிக் கமரா. விரல் அடையாளம் மாதிரி ஒவ்வொன்றின் புள்ளியும் வேறு, அதை வைத்து ஆளை அடையாளம் காணலாம். வௌவாலுக்கு வலையும் ஒலிக்கருவியும். எதுவானாலும் ஒரு தடவை எண்ணிப் பிரயோசனமில்லை, அதே இடத்தில், அதே முறையில், திரும்பத் திரும்ப எண்ண வேண்டும்.

கல்லோயாவில் 32 வகை முலையூட்டி என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது இதுவரை கண்டவற்றின் பட்டியல். பட்டியலில் ஏறின பெயர் தானாக இறங்குவதில்லை. இந்தியாவின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் அதுதான் நடந்தது. அறிக்கையில் புலி (எங்கள் ஊர்ச் சிறுத்தை இல்லை, வரிப்புலி) இருந்தது, 2005இல் போய்த் தேடினால் ஒன்றும் இல்லை, முழுக்க வேட்டையாடி முடித்திருந்தார்கள்.

16. அப்படி அற்றுப்போனது திரும்பி வருமா?

சரிஸ்காவுக்கு 2008இல் ரந்தம்போரிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், குட்டியும் போட்டன. வர முடியும், ஆனால் கொண்டுவர வேறு எங்காவது மிச்சம் இருக்க வேண்டும், முதலில் கொன்ற காரணம் நீங்கியிருக்க வேண்டும். இலங்கைத் தீவுக்குள் மட்டும் வாழும் ஒரு மூஞ்சூறு போனால் எங்கிருந்து கொண்டுவருவது?

17. நாங்க என்ன செய்யலாம் டீச்சர்?

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். வீதியில் அடிபட்டுக் கிடக்கிற காட்டு மிருகம் எதுவானாலும் பிள்ளைகள் திகதி, நேரம், இடம், தெரிந்தால் பெயர் எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் பக்கத்தில் ஒரு பேனையை வைத்துப் போட்டோ. மீன்பிடிப் பூனை என்ற ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது என்பதே பல வீட்டுக்கு இந்தக் கொப்பியால்தான் தெரியவந்தது. கோமாரிப் பக்கத்துப் பாலத்தடியில் விடியற்காலை ஒன்று கிடந்தது, சாம்பல் நிறம், வரிசையாகக் கறுப்புப் புள்ளி, குட்டை வால். எழுதின பிள்ளை "பெரிய பூனை, காதுக்குப் பின்னால வெள்ளைப் பொட்டு" என்று போட்டிருந்தாள். அந்தப் பொட்டை வைத்துத்தான் அடையாளம் கண்டோம்.

உங்கள் ஊரிலும் தொடங்கலாம், கொப்பி ஒன்று போதும். பிறகு, ஏ4 வீதியில் யானை நின்றால் பஸ் யன்னலால் பழம் எறியாதீர்கள், பழம் கிடைத்துப் பழகின யானை அடுத்த முறை மோட்டார் சைக்கிளையும் மறிக்கும். உகந்தையிலிருந்து நடப்பவர்கள் கொண்டுபோன பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், நாயைப் பின்னால் வர விடாதீர்கள். கொப்பியில் எழுதியவற்றை வருட முடிவில் பக்கத்து வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள், ஒன்று உங்களிடமே இருக்கட்டும்.